ஒரே கேம், மூன்று பெட்டி, மூன்று குறி: மலேசியாவுக்கு எது?

செந்தூல் அம்மா
3 ஆகஸ்ட் 2025, இரவு 9.14

பையனுக்கு 13 வயது. பிஎஸ்5-க்கு ஜிடிஏ 5 கேட்கிறான். கோலாலம்பூர் லோ யாட்டில் மூன்று கடையில் பார்த்தால் ஒரே கேமுக்கு மூன்று விதமான பெட்டி. ஒன்றில் ‘எம்’ என்ற எழுத்தும் 17-உம். அடுத்ததில் சிவப்புக் கட்டத்தில் 18. மூன்றாவதில் சீன எழுத்தோடு 18. மலேசிய முத்திரை எதிலும் இல்லை. எதை நம்புவது?

இன்னொன்று. திரைப்படத்துக்கு உள்துறை அமைச்சின் கீழ் தணிக்கை வாரியம் இருக்கிறது. வேண்டாததை வெட்டிவிட்டுத்தான் தியேட்டருக்கு விடுகிறார்கள். கேமுக்கும் ஒரு வாரியம் வைத்து ரத்தத்தையும் கொலையையும் வெட்டிவிட்டால் பெற்றோர் இப்படிக் கடை கடையாகப் பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஏன் செய்யக்கூடாது?

நாலாம் மாடி
3 ஆகஸ்ட், இரவு 10.40

மூன்றுமே வெளியூர்க் குறி. ‘எம்’ அமெரிக்காவின் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற வயது வகைப்பாட்டு அமைப்பு போடுவது. சிவப்புக் கட்டம் ஐரோப்பாவின் பெகி என்ற அமைப்புடையது. சீன எழுத்து தைவானுடையது. தென்கிழக்காசியாவுக்கு வருகிற ஆர்3 (வட்டாரம் 3) டிஸ்க்குகள் ஹாங்காங், தைவான் பக்கத்துக்கும் சேர்த்தே அச்சாவதால் அந்தக் குறி நம் ஊர் வரை வருகிறது. விளையாட்டுகளுக்கென மலேசியாவில் சட்டப்படியான வயது வகைப்பாடு கிடையாது. அதனால்தான் முத்திரை இல்லை.

17, 18 என்று முரண்படுவதுபோல் தெரியும். முரண் இல்லை. அமெரிக்க வரிசையில் ‘எம்’-க்கு மேலே ‘ஏ.ஓ.’ (பெரியவர்களுக்கு மட்டும்) என்று 18-க்கு ஒரு படி உண்டு. ஆனால் சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூவரும் அந்தக் குறி வாங்கிய கேமைத் தங்கள் கன்சோலில் அனுமதிப்பதில்லை. ஆகவே கடையில் கிடைக்கிற டிஸ்க்கில் ‘எம்’தான் உச்சி. 17 என்பதால் 18-ஐவிட மென்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. ஜிடிஏ 5 உலகம் முழுவதும் கடைசிப் படியில்தான் நிற்கிறது. ஐரோப்பாவில் 18, ஜப்பானில் ‘இசட்’, ஆஸ்திரேலியாவில் ஆர்18+, சிங்கப்பூரில் எம்18.

வாங்குவதென்றால் (இந்த கேமைச் சொல்லவில்லை, பொதுவாக) மலேசியக் கணக்கு வைத்திருப்பவர் ஆர்3 எடுங்கள். பிஎஸ்4, பிஎஸ்5-இல் எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும். ஆனால் பின்னால் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதிகள் டிஸ்க்கின் வட்டாரமும் கணக்கின் வட்டாரமும் ஒத்துப்போனால்தான் சேரும். பிளேஸ்டேஷன் கணக்கின் நாட்டைத் திறந்த பிறகு மாற்ற முடியாது.

வெட்டுவதைப் பற்றி நாளை எழுதுகிறேன். அது நீளம்.

கிள்ளான் மாமா
3 ஆகஸ்ட், இரவு 11.05

பழைய டிஸ்க்குகளில் பளபளவென்று ஹோலோகிராம் ஒட்டியிருக்குமே, அது அரசாங்க முத்திரைதானே?

நாலாம் மாடி
3 ஆகஸ்ட், இரவு 11.20

அது அசல் டிஸ்க், திருட்டுப் பிரதி அல்ல என்பதற்கான சீட்டு. உள்ளே என்ன இருக்கிறது, எந்த வயதுக்கு என்று அது எதுவும் சொல்லாது. நிறைய பெற்றோர் அதைப் பார்த்து ‘அரசாங்கம் பார்த்துவிட்டது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நாலாம் மாடி
4 ஆகஸ்ட், காலை 7.55

வெட்டு.

படம் என்பது தொடங்கி ஓடி முடிகிற ஒரே கோப்பு. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் முழுவதும் பார்த்துவிடலாம். 43-ஆம் நிமிடத்தில் பத்து விநாடி வேண்டாம் என்றால் அதை மட்டும் எடுத்துவிடலாம். கேமில் 43-ஆம் நிமிடம் என்று ஒன்று இல்லை. ஒரு பிள்ளை அந்த நேரத்தில் கார் ஓட்டிக்கொண்டிருப்பான், இன்னொரு பிள்ளை துப்பாக்கிக் கடையில் நிற்பான். ஜிடிஏ 5-இல் கதைப்பகுதியை மட்டும் முடிக்கவே ஏறத்தாழ முப்பது மணி நேரம். கதையை விட்டு நகரில் சுற்றினால் அதற்குக் கணக்கே கிடையாது.

ரத்தமும் ஒரு காட்சி அல்ல, ஒரு விதி. குண்டு பட்டால் இந்த நிறத்தில் இத்தனை துளி தெறிக்கவேண்டும், தரையில் இவ்வளவு நேரம் கிடக்கவேண்டும் என்று நிரலில் எழுதியிருக்கும். அந்த நிரல் தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. வாரியம் வெட்ட முடியாது, ‘வெட்டிக்கொண்டு வா’ என்று அனுப்பத்தான் முடியும்.

அப்படி அனுப்பியபோது என்ன வந்தது என்று பாருங்கள். ஹாஃப்-லைஃப் ஜெர்மன் பதிப்பில் மனிதப் படைவீரர்களை எடுத்துவிட்டு ரோபோக்களை வைத்தார்கள். 2009-இல் வந்த மாடர்ன் வார்ஃபேர் 2-இல் விமான நிலையத்தில் பொதுமக்களைச் சுடும் கட்டம் உண்டு. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பொதுமக்களைச் சுட்டால் ஆட்டம் தோல்வி என்று மாற்றினார்கள். மோர்ட்டல் காம்பாட் என்ற சண்டை கேம் சூப்பர் நிண்டெண்டோ கன்சோலுக்கு வந்தபோது ரத்தத்துக்குப் பதில் சாம்பல் நிற வியர்வை. அதே கேம் சேகா ஜெனிசிஸில் ஏ-பி-ஏ-சி-ஏ-பி-பி என்று பொத்தான்களை அமுக்கினால் ரத்தம் வரும். சேகா பதிப்புதான் அதிகம் விற்றது.

ஜெர்மனியும் ஜப்பானும் பெரிய சந்தை. தனிப் பதிப்புச் செய்யச் செலவழிப்பார்கள். மலேசியாவுக்கென்று தனிப் பதிப்பு கேட்டால் விற்காமல் விட்டுவிடுவார்கள். மோர்ட்டல் காம்பாட் 11 2019-இல் இந்தோனேசியாவிலும் ஜப்பானிலும் விற்பனைக்கே வரவில்லை. விற்பனை இல்லை என்றால் கேம் வராது என்று அர்த்தமில்லை. வேறு நாட்டு டிஸ்க்காக, வேறு நாட்டுக் கணக்காக, வெட்டில்லாமல் முழுசாக வரும்.

அதனால் வாரியம் வைத்து வெட்டுவது நடக்காத காரியம்.

ஆயர் ஈத்தாம்
4 ஆகஸ்ட், பிற்பகல் 1.30

அண்ணே, வாரியமே நடக்காது என்கிறீர்களா, வெட்டுதான் நடக்காது என்கிறீர்களா? ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 2008-இலிருந்து நடக்கிறதே. ஏடிவி16 (16-க்கு மேல் என்ற ஆலோசனை), எம்18 என்று இரண்டு குறி. எம்18 என்றால் கடைக்காரர் அடையாள அட்டை பார்த்துத்தான் விற்கவேண்டும்.

நாலாம் மாடி
4 ஆகஸ்ட், இரவு 8.10

நல்ல கேள்வி. காலையில் எழுதியதில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டேன். திருத்தம்: வெட்டும் வாரியம் நடக்காது. வகைப்படுத்தும் வாரியம் நடக்கும், பல நாட்டில் நன்றாகவே நடக்கிறது. ஜெர்மனியின் யு.எஸ்.கே. 1994-இல் தொடங்கியது. 2003-இலிருந்து அதன் குறிக்கு இளையோர் பாதுகாப்புச் சட்டத்தின் பலம் உண்டு: 0, 6, 12, 16, 18. குறியில் உள்ள வயதுக்குக் கீழே விற்றால் கடைக்காரர் சட்டத்தை மீறுகிறார்.

சிங்கப்பூரிலேயே வித்தியாசம் தெரியும். 2007 நவம்பரில் மாஸ் எஃபெக்ட் கேமை ஒரு காதல் காட்சிக்காகத் தடை செய்தார்கள். சில நாளில் தடையை எடுத்துவிட்டு, 2008-இல் முறை வரும் முன்பே, எம்18 குறியோடு விற்க விட்டார்கள். காட்சி அப்படியேதான் இருந்தது. வைக்க ஒரு படி கிடைத்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர் ஆஸ்திரேலியா. அங்கே 2012 முடியும்வரை கேம்களுக்கு எம்ஏ15+தான் கடைசிப் படி. படத்துக்கு ஆர்18+ இருந்தது, கேமுக்கு இல்லை. 15-ஐத் தாண்டும் கேமை வைக்க இடமில்லாததால் நேராக ‘வகைப்பாடு மறுப்பு’, அதாவது தடை. லெஃப்ட் 4 டெட் 2 2009 செப்டம்பரில் அப்படி மறுக்கப்பட்டது. கை கால் துண்டாவதையும் பிணக் குவியலையும் எடுத்துவிட்டு ஒரு பதிப்புச் செய்து விற்றார்கள். 2013 ஜனவரி 1-இல் கேமுக்கும் ஆர்18+ வந்தது. 2014-இல் அதே கேமின் வெட்டாத பதிப்பு ஆர்18+ குறியோடு சட்டப்படி வந்துவிட்டது.

மேல்படி இல்லாத ஊரில்தான் கத்தரி வருகிறது. பெரியவருக்கு என்று ஒரு படியை ஒதுக்கிவிட்டால் வெட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் போய்விடும். அக்கா கேட்டது கத்தரி. நமக்கு வேண்டியது படிக்கட்டு.

ஆயர் ஈத்தாம்
4 ஆகஸ்ட், இரவு 8.45

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டுக்காக வெட்டினால் எல்லா நாட்டுக்கும் சேர்த்து மாறிவிடுவதும் உண்டு. ஃபால்அவுட் 3-இல் மார்ஃபின் என்று மருந்தின் உண்மைப் பெயர் இருந்தது. 2008-இல் ஆஸ்திரேலியா மறுத்ததும் ‘மெட்-எக்ஸ்’ என்று பெயரை மாற்றினார்கள். பினாங்கில் விளையாடினாலும் மெட்-எக்ஸ்தான்.

கிள்ளான் மாமா
5 ஆகஸ்ட், காலை 10.15

சட்டமே இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் 2017-இல் ஸ்டீம் என்ற இணைய கேம் கடை முடங்கியது எதனால்?

நாலாம் மாடி
5 ஆகஸ்ட், இரவு 9.30

வயது வகைப்பாட்டுச் சட்டம் இல்லை என்றுதான் எழுதினேன் மாமா, சட்டமே இல்லை என்று இல்லை. இருப்பது 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம். பிரிவு 211 உள்ளடக்கம் தருபவருக்கு, 233 வலையமைப்பைப் பயன்படுத்துபவருக்கு. இவை குறிப்பிடுவது ஆபாசம், பொய், மிரட்டல், மனத்தைப் புண்படுத்தல் முதலியவை. 2025 பிப்ரவரியில் வந்த திருத்தம் ‘புண்படுத்தல்’ என்பதைக் ‘கடுமையாகப் புண்படுத்தல்’ ஆக்கியது. ‘வன்முறை’ என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. தொழில்துறைக்கான உள்ளடக்க நெறிமுறையில் வன்முறைக்குத் தனிப் பகுதி உண்டு, ஆனால் அது விரும்பி ஏற்கும் நெறிமுறை.

2017 செப்டம்பரில் நடந்தது இதுதான். ஃபைட் ஆஃப் காட்ஸ் என்ற சண்டை கேமில் பல மதங்களின் தெய்வங்களும் திருவுருவங்களும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். தொடர்பு பல்லூடக ஆணையம் 24 மணி நேரத்தில் எடுக்கச் சொன்னது. எடுக்கவில்லை. இணையச் சேவை நிறுவனங்கள் வழியாக ஸ்டீம் கடை முழுவதும் முடக்கப்பட்டது. அடுத்த நாளே அந்த ஒரு கேமை மட்டும் மலேசியாவில் மறைத்துவிட்டுக் கடையைத் திறந்துவிட்டார்கள்.

ஒரு கேமுக்காக ஆயிரக்கணக்கான கேம்கள் உள்ள கடைக்கே பூட்டு. கையில் இருந்த ஒரே கருவி பூட்டு என்பதால் பூட்டினார்கள். இத்தனைக்கும் அங்கே பிரச்சினை ரத்தம் அல்ல, மத உணர்வு. தலை துண்டாகும் கேம் எந்தத் தடையும் இல்லாமல் அதே கடையில் கிடந்தது. ஆகவே ‘மலேசியாவில் தடை செய்யவில்லையே, அப்படியென்றால் பிள்ளைக்குச் சரிதான்’ என்று யாரும் நினைக்கவேண்டாம். நம் ஊர்த் தடை வயதைப் பார்த்து வருவதில்லை.

செந்தூல் அம்மா
6 ஆகஸ்ட், இரவு 9.50

சரி தம்பி, படிக்கட்டு வரட்டும். அதுவரை நான் அந்த வெளியூர் எண்ணை வைத்து எப்படி முடிவு செய்வது? 12 போட்டால் 13 வயதுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாமா?

நாலாம் மாடி
7 ஆகஸ்ட், இரவு 10.05

கண்ணை மூடவேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சொற்களைப் படியுங்கள், அதில்தான் விஷயம்.

முதலில் எண் எப்படி வருகிறது என்று தெரியவேண்டும். அமெரிக்காவில் யாரும் முப்பது மணி நேரம் உட்கார்ந்து விளையாடிப் பார்த்துக் குறி போடுவதில்லை. பெட்டியில் விற்கும் கேமுக்கு ஈ.எஸ்.ஆர்.பி. தயாரிப்பாளரிடம் விரிவான வினாப்பட்டியல் வாங்கும், கூடவே மிகக் கடுமையான காட்சிகளைத் தொகுத்த வீடியோவும் வாங்கும். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் குறைந்தது மூன்று பேர் அதைப் பார்ப்பார்கள். மறைத்தால் தண்டம், பத்து லட்சம் டாலர் வரை. 2005-இல் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் டிஸ்க்குக்குள் மறைந்திருந்த படுக்கைக் காட்சி வெளியே வந்தபோது ‘எம்’ குறியை எடுத்து ‘ஏ.ஓ.’ போட்டார்கள். பெரிய கடைகள் அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டன.

இனி சொற்கள். அமெரிக்கப் பெட்டியின் பின்புறம், குறிக்கு வலப்பக்கம் இருக்கும். ‘கார்ட்டூன் வயலன்ஸ்’ என்றால் அடி வாங்கியவர் ஒன்றும் ஆகாமல் எழுந்து வரலாம். ‘ஃபேண்டஸி வயலன்ஸ்’ என்றால் உண்மை வாழ்க்கையிலிருந்து எளிதில் பிரித்தறியக்கூடிய கற்பனைச் சண்டை. ‘அனிமேட்டட் பிளட்’ என்றால் பச்சை, ஊதா என்று நிறம் மாறிய, இயல்பல்லாத ரத்தம். ‘பிளட் அண்ட் கோர்’ என்றால் உடல் சிதைவு. ‘இன்டென்ஸ் வயலன்ஸ்’ என்றால் நேரில் பார்ப்பதுபோன்ற காயமும் சாவும். 13 வயதுக்கு முதல் மூன்றும் பெரும்பாலும் பிரச்சினை தராது. கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலே நான் எடுத்து வைத்துவிடச் சொல்வேன்.

பெகி வேறு விதமாகப் பிரிக்கிறது. 12-இல் மனிதர்மேல் வன்முறை இருந்தாலும் அது இயல்பாகத் தெரியாது. நிஜத்தில் நடப்பதுபோலவே தெரிந்தால் 16. காரணமில்லாமல் கொல்வது, எதிர்க்க முடியாதவரை வதைப்பது, கொடூரச் சிதைவு இவை 18. ஃபோர்ட்நைட் 12-இல் நிற்பது இதனால்தான்: சுடுகிறார்கள், ஆனால் ரத்தம் இல்லை, விழுந்தவர் மறைந்துவிடுகிறார்.

ஈ.எஸ்.ஆர்.பி. தளத்தில் கேமின் பெயரைப் போட்டுத் தேடினால் பெட்டி கேம்களுக்கு ஒரு பத்தி அளவில் சுருக்கம் கிடைக்கும். என்ன ஆயுதம், ரத்தம் எப்படித் தெறிக்கும், கெட்ட வார்த்தை எவை என்று வெளிப்படையாக எழுதியிருக்கும். 2008 ஜூலையிலிருந்து குறி பெற்றவற்றுக்கு உண்டு. பெட்டியை வாங்கும் முன் அந்தப் பத்தியை இரண்டு நிமிடம் படிப்பது எந்த எண்ணையும்விட மேல். ஜிடிஏ 5-க்கு அதைப் படித்துவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள் அக்கா.

நாலாம் மாடி
7 ஆகஸ்ட், இரவு 10.30

மேலே விட்டுப்போனது. ஈ.எஸ்.ஆர்.பி. எண் அளப்பது கேமுக்குள் இருப்பதை மட்டும். எதிரில் யார் விளையாடுகிறார், மைக்கில் என்ன பேசுகிறார் என்பது எண்ணுக்குள் வராது. ‘யூசர்ஸ் இன்டராக்ட்’ (விளையாடுபவர்கள் தங்களுக்குள் பேசலாம்) என்று எழுதும், ஆனால் அது வயதைக் கூட்டாது.

கிள்ளான் மாமா
8 ஆகஸ்ட், காலை 11.00

இத்தனை குறி எதற்கு? சுடுகிற கேம் விளையாடுகிற பிள்ளை நாளைக்கு நிஜமாகவே சுடுவான். எல்லாவற்றையும் தடை செய்தால் முடிந்தது. 2019-இல் பப்ஜியைத் தடை செய்யச் சொல்லி நெகிரி செம்பிலான் முஃப்தியே கேட்டாரே.

நாலாம் மாடி
8 ஆகஸ்ட், இரவு 9.15

கேட்டார். தடை வரவில்லை. ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று மட்டும் எழுதுகிறேன் மாமா. அமெரிக்க உளவியல் சங்கம் 2020 மார்ச்சில் தன் தீர்மானத்தைப் புதுப்பித்தது. கத்துவது, தள்ளுவது போன்ற சிறு முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு உண்டு, கொலை போன்ற வன்செயலுக்குக் கேமைக் காரணம் காட்டப் போதிய சான்று இல்லை என்றது. 2019-இல் ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்தவர்கள் 14, 15 வயதுப் பிரிட்டிஷ் பிள்ளைகள் 1,004 பேரை ஆராய்ந்தபோது முரட்டுத்தனத்தோடு தொடர்பே தெரியவில்லை. அந்த ஆய்வில் எந்த கேம் வன்முறை கேம் என்பதைப் பிள்ளைகளிடம் கேட்காமல் பெகி, ஈ.எஸ்.ஆர்.பி. குறிகளை வைத்து முடிவு செய்தார்கள்.

அப்படியென்றால் குறி எதற்கு என்று நீங்களே திருப்பிக் கேட்கலாம். குறி ‘இது உன் பிள்ளையைக் கொலைகாரன் ஆக்கும்’ என்று சொல்வதில்லை. ஏழு வயதுப் பிள்ளை இரவில் பயந்து எழக்கூடாது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை வதைக்காட்சியைப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்கிறது. வீட்டில் பெரியவர் பேசும் எல்லாப் பேச்சையும் பிள்ளை முன்னால் பேசமாட்டோம் அல்லவா, அதே காரணம். அந்தக் காரணம் போதும். அதற்குமேல் பயமுறுத்தினால் பிள்ளைகள் நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள்.

ஆயர் ஈத்தாம்
9 ஆகஸ்ட், மாலை 4.20

இங்கே பிராங்கின் மால் பக்கம் பழைய ஜப்பான் டிஸ்க் விலை குறைவாகக் கிடைக்கிறது. ஏ, பி, சி, டி, இசட் என்று எழுத்து. ஏ எல்லாருக்கும், பி 12, சி 15, டி 17, இசட் 18. இசட் மட்டும்தான் 18-க்குக் கீழ் விற்கக்கூடாது, மற்றவை ஆலோசனை. ஜப்பானில் ரத்தத்துக்குக் கெடுபிடி அதிகம். ரெசிடன்ட் ஈவில் 7-க்கு அங்கே இரண்டு பதிப்பு, ஒன்று டி, இன்னொன்று அதிகக் கொடூரத்தோடு இசட். காலிஸ்டோ புரோட்டோகால் குறி கிடைக்காமலே 2022-இல் அங்கே வராமல் போனது. எனவே ஜப்பான் ‘டி’-யைப் பார்த்துவிட்டு ‘இந்த கேம் 17-க்குச் சரிதான்’ என்று ஆர்3 டிஸ்க்கை வாங்காதீர்கள். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

செந்தூல் அம்மா
9 ஆகஸ்ட், இரவு 10.10

அந்தப் பத்தியைப் படித்தேன். ஜிடிஏ வேண்டாம். ஆனால் பையன் கைப்பேசியிலும் விளையாடுகிறான். அங்கே 12+, 16+ என்று போடுகிறார்களே, அது யார் போடுவது?

நாலாம் மாடி
10 ஆகஸ்ட், காலை 9.20

கூகுள் பிளேயில் மலேசியாவுக்குக் காட்டுவது ஐ.ஏ.ஆர்.சி. என்ற கூட்டமைப்பின் பொதுக் குறி: 3+, 7+, 12+, 16+, 18+. தனக்கென்று அமைப்பு இல்லாத நாடுகளுக்காக வைத்தது. கேம் செய்தவர் ஒரு வினாப்பட்டியலை நிரப்புவார், கணினி அந்த நொடியே எண்ணைத் தரும். எல்லாவற்றையும் முன்கூட்டி ஒரு மனிதர் பார்ப்பதில்லை. பிரபலமானவற்றைப் பிறகு சரிபார்ப்பார்கள், புகார் வந்தால் மாற்றுவார்கள். சின்ன நிறுவனத்தின் கேம் என்றால் எண்ணைச் சற்று சந்தேகத்தோடு பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் பூட்ட: பிளே ஸ்டோர் திறந்து மேலே உள்ள படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரன்டல் கண்ட்ரோல்ஸ். நான்கு இலக்கப் பின் எண் வைத்து, ‘ஆப்ஸ் அண்ட் கேம்ஸ்’-இல் 12-ஐத் தேர்ந்து சேமிக்கவேண்டும். இதில் மூன்று ஓட்டை உண்டு. ஏற்கெனவே இறக்கியது அப்படியே இருக்கும், நீங்களே அழிக்கவேண்டும். பூட்டு அந்த ஒரு கைப்பேசிக்கு மட்டும், பாட்டியின் டேப்லெட்டில் தனியாகப் போடவேண்டும். மூன்றாவது பெரியது: பிரவுசர் வழியாக ஏபிகே கோப்பாக (ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) இறக்கினால் பிளே ஸ்டோர் பூட்டு எதையும் தடுக்காது. ‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’ என்று செட்டிங்ஸில் தேடி, குரோம், வாட்ஸ்அப், கோப்பு மேலாளர் எல்லாவற்றுக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

ஐபோனில் ஸ்கிரீன் டைம், அதற்குள் உள்ளடக்கக் கட்டுப்பாடு, ஆப்ஸ். அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆப்பும் திரையிலிருந்து மறைந்துவிடும். எண்கள் 4+, 9+, 12+, 17+. கைப்பேசியைத் திறக்கும் எண்ணையே இதற்கும் வைக்காதீர்கள், அது பையனுக்குத் தெரிந்திருக்கும்.

நாலாம் மாடி
10 ஆகஸ்ட், பிற்பகல் 2.45

திருத்தம். ஆப்பிள் 2025 ஜூலையில் அளவுகளை மாற்றி அறிவித்தது: 4+, 9+, 13+, 16+, 18+. பழைய மென்பொருள் உள்ள கைப்பேசியில் 12+, 17+ தெரியும். புதுப்பித்ததும் நீங்கள் வைத்த வரம்பு எங்கே நிற்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

கிள்ளான் மாமா
10 ஆகஸ்ட், இரவு 8.30

ரோப்ளாக்ஸ்? பேத்திக்கு 8 வயது. பொம்மை மாதிரி இருக்கிறது, அதனால் விட்டுவிட்டோம்.

நாலாம் மாடி
10 ஆகஸ்ட், இரவு 9.40

மாமா, ரோப்ளாக்ஸ் ஒரு கேம் அல்ல. யார் வேண்டுமானாலும் கேம் செய்து போடும் சந்தை. கடையில் காட்டும் எண் அந்தச் சந்தைக்கு மொத்தமாகப் போட்டது, உள்ளே ஒவ்வொன்றும் வேறு வேறு. உள்ளே ‘மினிமல், மைல்ட், மோடரேட், ரிஸ்டிரிக்டட்’ என்று நான்கு முத்திரை உண்டு. 2024 நவம்பரிலிருந்து 9 வயதுக்குக் கீழே மைல்ட் வரைதான் தானாகத் திறக்கும். ஆனால் அது கணக்கில் உள்ள பிறந்த ஆண்டைப் பொறுத்தது. பேத்தியின் கணக்கு வேறு யாரோ அவசரத்துக்கு 2000 என்று போட்டுத் திறந்ததாக இருந்தால் மோடரேட் வரை திறந்து கிடக்கும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு உங்கள் மகளோ மருமகனோ பெற்றோர் கணக்குத் திறந்து, அடையாள அட்டை அல்லது கிரெடிட் கார்டால் உறுதி செய்து, பேத்தியின் கணக்கோடு இணைக்கவேண்டும். முத்திரையைவிட முதலில் அடைக்கவேண்டியது அரட்டை.

ஆயர் ஈத்தாம்
11 ஆகஸ்ட், இரவு 7.50

ரத்தத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். எஃப்சி 25 பந்து கேமுக்குப் பெகி எண் 3. ரத்தம் இல்லை, சரி. ஆனால் காசு கொடுத்து, எந்த வீரர் வருவார் என்று தெரியாமல் பொட்டலம் பிரிக்கும் பகுதி உள்ளே இருக்கிறது. பணம் தீரும் கேமுக்கு மிகச் சின்ன எண்.

நாலாம் மாடி
11 ஆகஸ்ட், இரவு 9.00

இதில் பெல்ஜியம் 2018-லேயே காசுக்கு விற்கும் பொட்டலத்தைச் சூதாட்டம் என்றது. ஆஸ்திரேலியா 2024 செப்டம்பர் 22-இலிருந்து, அப்படி இருக்கும் புதிய கேமுக்குக் குறைந்தது ‘எம்’ என்று விதித்தது (அமெரிக்க ‘எம்’ அல்ல, அங்கே அது 15-க்கு மேல் என்ற ஆலோசனை). நம்மிடம் அந்த விதி இல்லாததால் பெட்டியில் ‘இன்-கேம் பர்ச்சேசஸ்’, அதனோடு ‘ரேண்டம் ஐட்டம்ஸ்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இன்னொரு ஓட்டை: கூகுளின் ஃபேமிலி லிங்கில் ‘வாங்கும் முன் என்னிடம் கேள்’ என்று வைத்தாலும் அது கூகுள் வழியாகக் கட்டும் பணத்துக்கு மட்டும். கோடாஷாப் போன்ற வெளித் தளத்தில் விளையாட்டு எண்ணைக் கொடுத்து இ-வாலட்டில் கட்டினால் உங்களுக்குச் செய்தியே வராது. இ-வாலட்டின் பின் எண்ணைப் பிள்ளை அறியாமல் வைத்திருப்பதுதான் வழி.

செந்தூல் அம்மா
12 ஆகஸ்ட், இரவு 9.35

பிஎஸ்5-இல் பையனுக்குத் தனிக் கணக்கு இல்லை. அவன் அப்பாவின் கணக்கில்தான் விளையாடுகிறான். அதிலேயே பூட்டிவிடலாமா?

நாலாம் மாடி
12 ஆகஸ்ட், இரவு 10.20

பெரியவர் கணக்கில் பூட்டு ஏறாது. வரிசை இது. அப்பா தன் கணக்கின் கீழே பையனுக்குப் பிள்ளைக் கணக்குத் திறக்கட்டும், பிறந்த தேதி உண்மையானதாக. செட்டிங்ஸ், ‘ஃபேமிலி அண்ட் பேரன்டல் கண்ட்ரோல்ஸ்’ போய் அந்தக் கணக்குக்கு வயது அளவை வையுங்கள். இது டிஸ்க்குக்கும் பொருந்தும், இறக்கியதற்கும் பொருந்தும். மாதச் செலவு வரம்பைச் சுழியத்திலேயே விடுங்கள். அப்பா வாங்கிய கேம்களைப் பையன் அதே கன்சோலில் தன் கணக்கிலிருந்து விளையாட முடியும், வயது அளவுக்குள் இருப்பவற்றை. அளவைத் தாண்டிய ஒன்றை நீங்கள் பார்த்துச் சரி என்று நினைத்தால் அதற்கு மட்டும் அனுமதி தரவும் வழி உண்டு.

அப்பாவின் கணக்குக்கு நுழைவு எண் வைக்கவேண்டும். இல்லையென்றால் பையன் அதைத் தொட்டு உள்ளே போய்விடுவான்.

செந்தூல் அம்மா
13 ஆகஸ்ட், இரவு 10.45

எல்லாம் வைத்தாயிற்று. பையன் கணக்கில் 18 குறி கேமைத் தொட்டால் பூட்டுக் காட்டுகிறது. பையன் கோபமாக இருக்கிறான், பரவாயில்லை, அந்தப் பத்தியை அவனோடு உட்கார்ந்து படித்தேன். வேறு ஏதாவது விட்டுப்போனதா?

நாலாம் மாடி
13 ஆகஸ்ட், இரவு 11.00

ஒன்று. ‘பிஎஸ்5 கன்சோல் ரெஸ்டிரிக்‌ஷன்ஸ்’ என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். அதன் எண் பெட்டியிலிருந்து வரும்போதே 0000. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த எண். உள்ளே போய் அதை மாற்றுங்கள், அங்கேயே புதுப் பயனர் திறப்பதையும் விருந்தினராக நுழைவதையும் ‘அனுமதி இல்லை’ என்று வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் பையன் கெஸ்ட் என்று உள்ளே போய் பூட்டிய டிஸ்க்கைப் போட்டு விளையாடுவான்.